வழி மறந்த ஓட்டுநர்

ஆண்டகளூர் கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். “மாப்ள, எந்தப் பக்கம்?” என்றார்.

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற நெடுஞ்சாலையில் அந்த இடத்தைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்க முடியாது. இடது பக்கம் திரும்பினால் ராசிபுரம், வலது பக்கம் திருச்செங்கோடு, நேராகப் போனால் நாமக்கல். மாமா இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டியவர். நாக்பூர், இந்தூர், ராஜ்கோட் என்று வடக்கே ஊர் ஊராக லோடு இறக்கிவிட்டு இந்தக் கேட்டுக்கு வந்து சேர்ந்தவர். கேட்டைக் கண்டால் வீட்டுக்கு வந்த மாதிரி என்று அவரே சொல்லியிருக்கிறார். நான் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கை இரண்டும் டி.வி.எஸ்.சின் ஹேண்டில்பாரைக் கெட்டியாகப் பிடித்திருந்தன. முகத்தில் இருந்தது பயம். அதை நான் அவரிடம் அதற்கு முன் பார்த்ததில்லை.

2014ஆம் வருடம். மாமாவுக்கு வயது 53. அவர் உடம்பில் எச்.ஐ.வி. இருப்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் பேசமாட்டோம். எட்டு வருடமாக ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சி.டி.4 எண்ணிக்கை நன்றாக இருந்தது. எடை கூடியிருந்தது. ‘பொழைச்சுக்கிட்டாரு’ என்று நாங்கள் முடிவு செய்து வருடங்கள் ஆகியிருந்தன.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. பேச்சு மெதுவானது. கேட்ட கேள்விக்குப் பதில் வர ஒரு நிமிடம் ஆனது. சட்டைப் பித்தான் போட நேரம் எடுத்தது. யாராவது இறந்த செய்தி சொன்னால்கூட “அப்படியா” என்பதோடு சரி. “தண்ணியடிச்சு மூளை கெட்டுப்போச்சு” என்றார் என் அம்மா. பெரியவர் ஒருவர், “செஞ்ச பாவம் தலைக்கேறிருச்சு” என்றார். மாமா அப்போது திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய மருத்துவர், மூளையின் உள்பகுதியில் சிதறிக் கிடந்த வெள்ளைப் புள்ளிகளை பேனாவால் தொட்டார். “சின்னச் சின்ன ரத்தக்குழாய்ல அடைப்பு. எழுபது வயசுல இப்படி இருந்தா நான் கவலைப்பட மாட்டேன். இவருக்கு இது அதிகம்” என்றார். பி.பி. உண்டா என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எட்டு வருடத்தில் அவருடைய ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று கவலைப்பட்டிருக்கிறோமே தவிர, அந்த ரத்தம் ஓடுகிற குழாயைப் பற்றி வீட்டில் யாரும் யோசித்ததில்லை.

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த வெள்ளைப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று தேடியதன் கதை.

*

தேடப் போனால் 1986ஆம் வருடத்தில் போய் நின்றேன்.

அந்த வருடம் பிப்ரவரியில், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, ரத்த மாதிரிகளோடு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் கொடுத்த ஆய்வுத் தலைப்பு அது. எய்ட்ஸ் என்பது அமெரிக்காவில் வருகிற நோய், நம் ஒழுக்கத்துக்கு அது இங்கே வராது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம். பாலியல் தொழிலில் கைதாகி அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் எடுத்த ரத்தத்தை நிர்மலா தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தார். பரிசோதிக்கிற வசதி சென்னையில் இல்லை. வேலூரில் டி. ஜேக்கப் ஜான் நடத்திய வைரஸ் ஆய்வகத்தில் இருந்தது. ஆறு மாதிரிகள் நிறம் மாறின. மறுபடி சோதித்தார்கள், அமெரிக்காவிலும் உறுதி செய்தார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி.யின் வரலாறு அந்த ஆறு பெண்களின் ரத்தத்தில் தொடங்குகிறது.

அதே 1986இல் நியூயார்க்கில் பிராட்ஃபோர்ட் நேவியா, ரிச்சர்ட் பிரைஸ் முதலிய நரம்பியல் மருத்துவர்கள் ‘எய்ட்ஸ் டிமென்ஷியா காம்ப்ளெக்ஸ்’ என்று ஒரு நோயை விவரித்துக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். எய்ட்ஸில் இறந்த எழுபது பேரின் மூளையைப் பிரித்துப் பார்த்து, உயிரோடு இருந்தபோது அவர்கள் எப்படி மாறினார்கள் என்ற குறிப்புகளோடு ஒப்பிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் இருந்தவர்களிடம் அறிவு மங்கல் இருந்திருக்கிறது. மறதி, மந்தம், எதிலும் நாட்டமின்மை, கை கால் அசைவில் தடுமாற்றம். முதுமையில் வரும் அல்சைமர் நோய் மூளையின் மேலுறையைத் தாக்குவது. இதுவோ உள்ளே இருக்கிற வெண்பொருளையும் அடிமுடிச்சுகளையும் தாக்குகிறது. அதனால்தான் பேச்சும் நினைவும் முற்றாக அழிவதற்கு முன்பே வேகம் போகிறது. அந்தக் கட்டுரைகள் சொன்னதைப் படித்தபோது எனக்கு மாமாவின் சட்டைப் பித்தான்தான் ஞாபகம் வந்தது.

மூன்றாவது நிகழ்வு யாரும் இந்த வரிசையில் சேர்க்காதது. அதே 1986இல் சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அப்போது நாமக்கல் தனி மாவட்டம் இல்லை. சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. நோய் கண்டுபிடிக்கப்பட்ட வருடம், அது மூளையை என்ன செய்யும் என்று எழுதப்பட்ட வருடம், எங்கள் ஊருக்கு மருத்துவக் கல்லூரி வந்த வருடம் மூன்றும் ஒன்று. இவை மூன்றும் ஒரு நோயாளியின் படுக்கையில் சந்திக்க ஏறத்தாழ இருபது வருடம் ஆனது.

*

இந்தச் சமவெளியில் லாரி ஏன் வந்தது என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

காவிரி ஓரத்தில் பரமத்தி, மோகனூர், பள்ளிபாளையம் பக்கம் தவிர மற்ற இடமெல்லாம் மேட்டாங்காடு. கிணறு வற்றினால் சோளமும் நிலக்கடலையும்தான். நிலத்தை நம்பிப் பிழைக்க முடியாதவர்கள் சக்கரத்தை நம்பினார்கள். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரிப் பட்டறைகள் பெருகின. திருச்செங்கோட்டில் போர் வண்டிகள். சேசிஸ் மட்டும் வரும், கேபின்கூட இருக்காது. ஒரு மரப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்து வெயிலிலும் மழையிலும் அதை ஓட்டிக்கொண்டு வருவார்கள். பட்டறையில் மரவேலை, வெல்டிங், பெயிண்டிங் எல்லாம் முடிந்து, நெற்றியில் சாமி படத்தோடு வண்டி வெளியே போகும். பங்காளிகள் நாலு பேர் சேர்ந்து கடன் வாங்கி ஒரு வண்டி எடுப்பார்கள். ஒருவர் ஓட்டுவார், ஒருவர் கணக்குப் பார்ப்பார். எங்கள் பக்கத்தில் பல வீடுகள் மச்சு வீடானது அப்படித்தான்.

மாமா பதினேழு வயதில் கிளீனராக ஏறினார். ஒரு ட்ரிப் என்றால் இருபது நாள், ஒரு மாதம். லோடு கிடைக்காவிட்டால் தாபாவில் நாலு நாள் காத்துக் கிடக்க வேண்டும். தூக்கத்தை விரட்டப் பீடி, தூங்குவதற்குச் சாராயம். “ரோட்டுல இருக்கற மனுசனுக்கு ரோடுதானுங்க ஊரு” என்று அவர் ஒருமுறை சொன்னார். அந்த ரோட்டில் அவரைப் போலவே பிழைக்க வந்து நின்ற பெண்களும் இருந்தார்கள். வைரஸ் அந்த வழியாகத்தான் பயணம் செய்தது. அவர்களில் ஒருவரைக்கூட நாம் நோயின் காரணம் என்று சொல்ல முடியாது. வீட்டைவிட்டு மாதக்கணக்கில் ஆளை வெளியே வைக்கிற ஒரு தொழில் முறைக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. நாட்டில் முதல் மாநிலச் சங்கம் அது. 1995இல் சென்னை வி.எச்.எஸ். மருத்துவமனை வழியாக அமெரிக்க உதவியோடு ‘ஆப்பாக்’ திட்டம் தொடங்கி, நெடுஞ்சாலைகளில் ஓட்டுநர்களிடம் வேலை செய்தது. பெட்ரோல் பங்கிலும் தாபாவிலும் ஆணுறை வந்தது, தெருக்கூத்து வந்தது. 1997 ஜனவரி 1ஆம் தேதி நாமக்கல் தனி மாவட்டமானது. பிறந்த கொஞ்ச நாளிலேயே அந்த மாவட்டத்துக்கு ஒரு கெட்ட பெயர் வந்துவிட்டது. கர்ப்பிணிகளிடம் எடுக்கிற கண்காணிப்புப் பரிசோதனையில் தொற்று 1 சதவீதத்தைத் தாண்டினால் அது ‘ஏ’ பிரிவு மாவட்டம். நாமக்கல் அந்தப் பட்டியலில் இருந்தது. கர்ப்பிணிகளிடம் 1 சதவீதம் என்றால் நோய் நெடுஞ்சாலையை விட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது என்று பொருள்.

அதை வெளியே வந்து சொன்னவர் ஒரு பெண். நாமக்கல்லில் லாரிக்காரக் குடும்பத்தில் உறவிலேயே திருமணம் செய்து, கணவரிடமிருந்து தொற்று பெற்ற பெரியசாமி கௌசல்யா, 1998இல் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கினார். தன் முகத்தையும் பெயரையும் மறைக்காமல் பேசினார். ‘அந்தப் புள்ளைக்கு என்ன தைரியம்’ என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. பாராட்டாகச் சொன்னார்களா, வேறு மாதிரியா என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

2001இல் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சையை வருடத்துக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதற்கு முன் மேலை நாடுகளில் அதன் விலை 10,000 டாலருக்கு மேல். 2004 ஏப்ரல் 1ஆம் தேதி இந்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. திட்டத்தைத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. அதைத் தொடர்ந்து எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைகளுக்கும் மருந்து வந்தது. மாமா 2006இல் மாத்திரை தொடங்கினார். அப்போது அவர் எடை 41 கிலோ.

*

இனி மூளைக்குள் போக வேண்டும்.

மூளையின் ரத்தக்குழாயை உயிருள்ள மனிதனில் முதலில் பார்த்தவர் போர்த்துக்கீசிய மருத்துவர் எகாஸ் மோனிஸ். 1927இல் கழுத்துத் தமனியில் சோடியம் அயோடைடு கரைசலைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். கிளைவிட்ட மரம் போல மூளையின் தமனிகள் படத்தில் தெரிந்தன. 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறைகளைத் தொடங்கினார்கள். அந்தத் தலைமுறை மூளைக்குள் கட்டி எங்கே என்று கண்டுபிடிக்க, குழாய் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். 1971இல் லண்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியைப் படமெடுத்தது. பிறகு எம்.ஆர்.ஐ. வந்தது. வெண்பொருளில் ஏற்படும் மெல்லிய சேதத்தைச் சி.டி.யைவிட எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டும். 1992இல் இன்னொரு வழி வந்தது: ஊசியே போடாமல், கழுத்தில் ஓடும் ரத்தத்தில் இருக்கிற நீரைக் காந்தத்தால் அடையாளமிட்டு, அது மூளையின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று அளக்கலாம்.

இவை எல்லாவற்றிலும் ஒரு குறை உண்டு. மோனிஸ் பார்த்தது பெரிய தமனிகளை. மாமாவின் பிரச்சினை இருந்தது முடியைவிட மெல்லிய குழாய்களில். அவற்றைச் சாதாரண எம்.ஆர்.ஐ.யிலும் நேரே பார்க்க முடியாது. அவை பாசனம் செய்த இடம் வாடிப்போனதைத்தான் பார்க்கிறோம். வாய்க்கால் தூர்ந்துவிட்டதை, கடைமடைப் பயிர் கருகியதை வைத்துத் தெரிந்துகொள்வது போல. படத்தில் இருந்த வெள்ளைப் புள்ளிகள் அந்தக் கடைமடை.

எச்.ஐ.வி.க்கும் இந்தக் குழாய்களுக்கும் என்ன சம்பந்தம்? ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. 1885இல் பால் ஏர்லிக் ஒரு விலங்கின் ரத்தத்தில் சாயம் ஏற்றியபோது எல்லா உறுப்பும் நிறம் மாறியது, மூளை மட்டும் மாறவில்லை. பின்னாளில்தான் அதன் காரணம் தெரிந்தது: மூளையின் நுண்குழாய்ச் சுவரில் இருக்கிற அணுக்கள் ஒன்றோடொன்று இறுகத் தைக்கப்பட்டிருக்கின்றன. எச்.ஐ.வி. அந்தத் தையலைப் பிரித்துக்கொண்டு தானாக வர வேண்டியதில்லை. காவலுக்குப் போய்வருகிற மோனோசைட் என்ற வெள்ளணுவுக்குள் உட்கார்ந்து உள்ளே வந்துவிடுகிறது. நரம்பணுக்களை அது நேரடியாகத் தொற்றுவதில்லை. மூளையின் காவலணுக்களில் தங்கிக்கொள்கிறது. அங்கிருந்து கசிகிற புரதங்களும், அவை கிளப்புகிற அழற்சியும் நரம்பணுவை நலிய வைக்கின்றன. குழாய்ச் சுவரையும் தடிக்க வைக்கின்றன.

கிருமி மூளைக் குழாயைக் கெடுக்கும் என்பது புதிய செய்தி அல்ல. 1874லேயே ஓட்டோ ஹாய்ப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் மேகநோய் மூளைத் தமனிகளை உள்ளிருந்து அடைப்பதை விவரித்திருக்கிறார். காசநோய் மூளைக்காய்ச்சலும் அப்படித்தான், அடித்தமனிகளை நெரித்துப் பக்கவாதம் கொண்டுவரும். இந்த இரண்டு நோய்களும் எங்கள் நெடுஞ்சாலையில் எச்.ஐ.வி.யோடு சேர்ந்தே பயணம் செய்தவை.

*

சேலத்துக்காரர்களுக்கு மூளை வியாதி என்றால் கடைசியில் போய்ச் சேருகிற இடம் பெங்களூர் நிம்ஹான்ஸ். தர்மபுரி, ஓசூர் வழியாக 200 கிலோமீட்டர். விடியற்காலை வரிசையில் நிற்பவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருப்பார்கள்.

தென்னிந்தியாவில் எச்.ஐ.வி. மூளையை என்ன செய்கிறது என்று வரிசையாக எழுதி வைத்தது அந்த நிறுவனம். பி. சதீஷ்சந்திராவும் சக மருத்துவர்களும் 1989 முதல் 1996 வரை வந்த நோயாளிகளைத் தொகுத்தார்கள். எஸ்.கே. சங்கரின் நோய்க்கூறியல் துறை, இறந்தவர்களின் மூளைகளைப் பாதுகாத்து ஆராய்ந்தது. அவர்கள் கண்டது நியூயார்க் கண்டதிலிருந்து வேறுபட்டது. இங்கே வைரஸ் தானாகச் செய்கிற மூளையழற்சியைவிட அதன் பின்னால் வந்த காசநோய், கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை, டாக்ஸோபிளாஸ்மா இவைதான் ஆளைக் கொன்றன. டிமென்ஷியா வருவதற்கு முன்பே மனிதன் போய்விட்டான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எங்கள் ஊரில் ‘மூளைக் காய்ச்சல்ல போயிட்டான்’ என்று சொல்லப்பட்ட சில இளம் ஓட்டுநர்களை இப்போது வேறு மாதிரி நினைத்துப் பார்க்கிறேன்.

இன்னொரு கேள்வியும் எழுந்தது. அமெரிக்காவில் பரவிய வைரஸ் ‘பி’ வகை. இந்தியாவில் பரவியது ‘சி’ வகை. நம்முடைய வைரஸ் மூளைக்குச் சாதுவோ? பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயராய்வு மையத்தைச் சேர்ந்த உதயகுமார் ரங்காவும் குழுவினரும் 2004இல் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். வைரஸின் டாட் என்ற புரதத்தில் 30, 31ஆம் இடங்களில் அடுத்தடுத்து இரண்டு சிஸ்டீன்கள் இருக்க வேண்டும். ‘சி’ வகையில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் 31ஆம் இடத்தில் சிஸ்டீனுக்குப் பதில் செரீன் இருக்கிறது. இந்த ஒரு எழுத்துப் பிழையால் அந்தப் புரதம் மோனோசைட்டுகளைக் கவர்ந்திழுக்கிற ஆற்றலை இழக்கிறது. அப்படியென்றால் மூளைக்குள் போகிற கூட்டம் குறைய வேண்டும்.

ஆறுதலான செய்திதான். ஆனால் 2007இல் நிம்ஹான்ஸ் குழு சிகிச்சை தொடங்காத 119 பேரை உட்காரவைத்துக் கவனம், நினைவு, வேகம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கு லேசானது முதல் நடுத்தரம் வரையிலான குறைபாடு இருந்தது. சென்னையில் சுனிதி சாலமன் 1993இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தில், நோய் முற்றியவர்களிடம் செய்த ஆய்விலும் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் அதே கதை. சாது வைரஸ் என்று ஒன்று இல்லை. பலமாக அடிக்காமல் மெதுவாக அரிக்கிறது, அவ்வளவுதான்.

*

மருந்து வந்த பிறகு என்ன ஆனது என்பதுதான் மாமாவின் கதை.

ஏ.ஆர்.டி. வந்ததும் கடுமையான டிமென்ஷியா அரிதானது. அமெரிக்காவில் 1,555 பேரை வைத்து நடந்த ‘சார்ட்டர்’ ஆய்வு 2010இல் வெளியானபோது டிமென்ஷியா 2 சதவீதம்தான். ஆனால் ஏதோ ஒரு அளவு குறைபாடு 52 சதவீதம் பேருக்கு இருந்தது. வைரஸ் ரத்தத்தில் அடங்கிவிட்டது, மறதி அடங்கவில்லை. மருந்து மூளைக்குள் போதுமான அளவு போகவில்லையா என்று ஒரு தரப்பு கேட்டது. மருந்துக்கு முன்பே ஏற்பட்ட வடு என்றது இன்னொரு தரப்பு. மூன்றாவதாக வந்தவர்கள் ரத்தக்குழாயைக் காட்டினார்கள். 2018இல் பிரான்ஸில் வெளியான ஒரு ஆய்வு, ஐம்பது வயதைத் தாண்டி, மருந்தால் வைரஸ் கட்டுப்பட்டிருந்த 456 பேரின் எம்.ஆர்.ஐ.யைப் பார்த்தது. அவர்களில் பாதிப் பேருக்குச் சிறுகுழாய் நோய் இருந்தது. தொற்று இல்லாதவர்களிடம் அது மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம்.

மாமாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதுவரை மருந்தில்லாமல் வைரஸ். முப்பது வருடப் பீடி. சாராயம். தூக்கம் கெட்ட ராத்திரிகள். யாரும் அளக்காத ரத்த அழுத்தம். இதில் எது எந்தப் புள்ளியைப் போட்டது என்று எந்த மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெளிவாக இருந்தது. அந்தப் பட்டியலில் சிலவற்றைத் திருத்தியிருக்கலாம். பாவத்துக்கு மாத்திரை கிடையாது, பி.பி.க்கு உண்டு.

2023இல் வெளிவந்த ‘ரிப்ரீவ்’ என்ற ஆய்வும் இந்தத் திசையில்தான் இருக்கிறது. இந்தியா உட்பட 12 நாடுகளில், எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரிடம் பிட்டாவாஸ்டேட்டின் என்ற கொழுப்பு மருந்தைச் சோதித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெரிய நிகழ்வுகள் 35 சதவீதம் குறைந்தன. மறதிக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. எச்.ஐ.வி.க்காரருக்கும் மற்ற எல்லோரையும் போல, ஒருவேளை மற்றவர்களுக்கு முன்பாகவே, குழாய் பராமரிப்பு தேவை என்று பொருள்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பரிசோதனைத் தாளில் மதிப்பெண் குறைந்தால் அது மூளை நோய் ஆகிவிடாது என்று இப்போது நரம்பியலாளர்களே எழுதுகிறார்கள். பள்ளிக்கூடம் போகாதவர், வறுமையில் இருப்பவர், மனச்சோர்வில் இருப்பவர் எல்லோருக்கும் மதிப்பெண் குறையும். எட்டாவதோடு நின்ற ஓட்டுநரைப் பட்டதாரியின் அளவுகோலால் அளந்தால் அவர் தோற்கத்தான் செய்வார். மாமாவை அளக்க வேண்டிய கோல் ஆண்டகளூர் கேட்தான். அங்கே அவர் தோற்றார், அதனால்தான் அது நோய்.

*

எச்.ஐ.வி. மறதிக்கென்று 2005இல் ஒரு எளிய சோதனை வந்தது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. நான்கு சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொல்லி ஐந்து விநாடி எண்ண வேண்டும். பிறகு முஷ்டி, உள்ளங்கை, பக்கவாட்டுக் கை என்று மேசைமேல் மாற்றி மாற்றி வைக்கச் சொல்ல வேண்டும். கடைசியில் அந்த நான்கு சொற்களைக் கேட்க வேண்டும். மொத்தம் 12. பத்தும் அதற்குக் கீழும் என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் திண்ணையில் இதை மாமாவிடம் செய்து பார்த்தேன். நாய், தொப்பி, அவரை, சிவப்பு. நான் மருத்துவன் அல்ல, இதை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் நினைத்தேன். அவர் மிகவும் சிரத்தையாகச் செய்தார். விரல்கள் தட்டத் தொடங்கி நடுவில் வழி தெரியாமல் நின்றன. கடைசியில் ‘நாய்’ மட்டும் வந்தது.

அத்தை வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அத்தைக்கும் தொற்று உண்டு. மாமாவோடு அதே நாளில்தான் மாத்திரை தொடங்கினார். இரண்டு பேருடைய டப்பாவையும் வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். நான் தற்செயலாகத்தான் கேட்டேன்.

“அத்தை, நீங்க சொல்லுங்க பாக்கலாம்?”

“நாயி... தொப்பி...” கை வெங்காயத்தில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தார். “எனக்குந்தான் மறக்குது கண்ணு. நெதம் ஒருக்கா அடுப்ப அணைச்சனான்னு எந்திரிச்சுப் போய்ப் பாக்கறேன். மாத்தர நாளு மறந்துருமுன்னு காலண்டர்ல கோடு போட்டு வெச்சிருக்கறேன். சோறாக்கி எறக்கிர்றனல்லோ, அதனால யாருக்கும் தெரியல.”

மாமாவுக்கு ஸ்கேன் எடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த மூன்று மாதத்தில் அத்தையின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் பீடி குடித்ததில்லை, சாராயம் தொட்டதில்லை, ராசிபுரத்தைத் தாண்டி அதிகம் போனதில்லை. அவருக்கு யாரும் எந்தப் பாவத்தையும் கற்பிக்க முடியாது. அதனாலேயே அவரை யாரும் கவனிக்கவும் இல்லை.

மறுவாரம் இருவரையும் அழைத்துக்கொண்டு போனேன். அத்தைக்கு ரத்த அழுத்தம் 170க்கு 100 இருந்தது. இரண்டு பேருக்கும் மாத்திரை எழுதினார்கள். மாமா பீடியை ஒரே நாளில் விட்டார், அல்லது பீடி குடிக்க வேண்டும் என்பதை மறந்தார், எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆனால் மேலும் மோசமாகவும் இல்லை. 2017இல் கொண்டுவரப்பட்ட எச்.ஐ.வி. சட்டம் பாகுபாட்டைத் தடை செய்கிறது, 2022இல் நாமக்கல்லுக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. திண்ணையில் பேசப்பட்ட அந்தப் ‘பாவம்’ என்ற சொல்லுக்கு மட்டும் எந்தச் சட்டமும் போட முடியவில்லை.

இப்போது நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் பி.பி. பார்க்கிற கருவியை எடுத்துப் போகிறேன். முதலில் அத்தைக்குப் பார்ப்பேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருப்பார். போன முறை திரும்பும்போது பைக்கில் என் பின்னால் ஏறிக் கேட் வரைக்கும் வந்தார். “மாமா, எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தார். அந்தப் பக்கமாக ஒரு டாரஸ் லாரி சேலத்தை நோக்கித் திரும்பியது. அதைக் கை நீட்டிக் காட்டினார்.

“அவனுக்குப் பின்னாடியே போ மாப்ள” என்றார். சரியான பக்கம்தான்.